இருபது ரூபாய் டாப் அப்பும் போன நம்பரும்: பேரணாம்பட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

பேரணாம்பட்டு கடைத்தெருவில் ரீசார்ஜ் கடை நடத்துகிறவனுக்கு, ஊரில் இல்லாதவர்களின் நம்பர்கள்தான் பாதி வேலை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பழைய வட ஆற்காட்டுப் பகுதி முழுக்க தோல் வேலை தெரிந்தவர்கள் நிறைய. உள்ளூர் டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை குறைந்தால் வங்கதேசம், எத்தியோப்பியா, வளைகுடா என்று கிளம்பிவிடுவார்கள். ஊறுகாய், கறி மசாலா, மாத்திரை எல்லாம் ஒரு வாரம் முன்பே பெட்டியில் ஏறிவிடும். ஊர் சிம்மை என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் விமானத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கடைக்கு வரும்.

அப்படி ஒருவருடைய ப்ரீபெய்டு நம்பர் எப்படிப் போனது, ஏன் போனது, அப்புறம் என்ன செய்தோம் என்பதை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன். அவர் சம்மதத்தோடுதான். பெயர் வேண்டாம் என்றார். கடையில் கூப்பிடுவது போலவே பாய் என்று வைத்துக்கொள்வோம். சிம் நிறுவனம், வங்கி இரண்டின் பெயரும் வேண்டாம். எந்த நிறுவனமாக இருந்தாலும் ஏறக்குறைய இதேதான் நடந்திருக்கும்.

போகும்போது செய்த ஏற்பாடு

பாய்க்கு ஐம்பதை நெருங்கும் வயது. தோல் ஃபினிஷிங்கில் நல்ல கை. 2024 ஏப்ரலில் ரம்ஜான் முடிந்த கையோடு எத்தியோப்பியாவில் மோஜோ என்ற ஊருக்கு சூப்பர்வைசராகப் போனார். தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர். டேனரிகள் நெருக்கமாக இருக்கும் இடம். நம்மூர்த் தோல்காரர்களுக்கு அந்த நாடு ஒன்றும் புதிதில்லை. சென்னையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமே அந்நாட்டுத் தோல் நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்து வேலை செய்திருக்கிறது.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு இந்திய நம்பர். முதல் செல்போன் வாங்கிய காலத்து நம்பர். வங்கிக் கணக்கு, ஆதார், பான், பழைய கம்பெனி பிஎஃப், கேஸ், ஒரு இன்சூரன்ஸ் பாலிசி எல்லாம் அதில்தான். போகும்போது சிம்மைக் கழற்றி வீட்டில் இருந்த கீபேட் போனில் போட்டார். போன் சமையலறை அலமாரியில், சார்ஜரோடு. ஓடிபி வந்தால் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், படித்துச் சொல்வார். ரீசார்ஜ் வாணியம்பாடியில் காலேஜ் படிக்கும் பையன் பொறுப்பு. வாட்ஸாப் மட்டும் பாயின் ஸ்மார்ட்போனில் அதே இந்திய நம்பரில் தொடரும், டேட்டா அங்கே வாங்கும் சிம்மில்.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த ஊரில் பத்து வீட்டுக்கு எட்டு வீடு இப்படித்தான் ஓட்டுகிறது. எத்தியோப்பியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். பாய்க்கு மதியச் சாப்பாட்டு நேரம் என்றால் இங்கே பையன் காலேஜ் விட்டு வரும் நேரம். ஓடிபி படித்துச் சொல்ல வசதிதான். (அந்த ஊர்க்காரர்கள் பொழுது விடிவதிலிருந்து மணி எண்ணுவார்கள், நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. முதல் மாதம் இதில் குழம்பி, நடுராத்திரியில் ஓடிபி கேட்டு வீட்டை எழுப்பியதை பாயே சிரித்துக்கொண்டு சொல்வார்.)

2024 ஜூலை முதல் வாரத்தில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை ஏற்றின. 28 நாள் குறைந்தபட்ச பேக் 189 ரூபாய், 199 ரூபாய் என்று போனது. பேசாத, நெட் பார்க்காத, அலமாரியில் கிடக்கிற ஒரு போனுக்கு மாதம் இருநூறு ரூபாயா என்று பையனுக்கு உறுத்தல். நியாயமான உறுத்தல்தான். இருந்தாலும் அந்த வருஷம் முழுக்க எப்படியோ போட்டுவிட்டான்; சில மாதம் நாலைந்து நாள் தள்ளி.

இருபது ரூபாய்

2025 ஜனவரியில் வாட்ஸாப்பில் ஒரு செய்தி சுற்றியது உங்களுக்கும் வந்திருக்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புது விதி கொண்டு வந்துவிட்டது, சிம்மில் 20 ரூபாய் இருந்தால் போதும், ரீசார்ஜ் செய்யாமலே 120 நாள் உயிரோடு இருக்கும் என்று. தினசரிகளிலும் வந்தது. பையன் அதைப் படித்தான். ஜனவரிக் கடைசியில் பேக் முடிந்தபோது 28 நாள் பேக் போடவில்லை. போனில் இருந்த ஆப்பிலேயே 20 ரூபாய் டாப் அப் போட்டான். நாலு மாதம் கவலை இல்லை என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டான்.

முதலில், அது புது விதி இல்லை. 2013ல் டிராய் கொண்டுவந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிமுறைத் திருத்தம். அதன்படி ஒரு ப்ரீபெய்டு இணைப்பில் 90 நாளாவது தொடர்ந்து எந்தப் பயன்பாடும் இல்லாமல் இருந்தால்தான் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். அப்போதும் கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் துண்டிக்கக் கூடாது. 20 ரூபாயைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் விட வேண்டும். தொண்ணூறும் முப்பதும் சேர்ந்ததுதான் அந்த 120.

இரண்டாவது, கணக்கில் 20 ரூபாய் இருக்க வேண்டும் என்றால் 20 ரூபாய்க்கு டாப் அப் போட்டால் போதாது. 18 சதவீத ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் போக, 20 ரூபாய் டாப் அப்புக்கு மெயின் பேலன்ஸில் ஏறுவது 14 ரூபாய் 95 பைசா. 50 ரூபாய் போட்டால் 39.37; 100 ரூபாய் போட்டால் 81.75. ரீசார்ஜ் கடைக்காரன் எவனைக் கேட்டாலும் தூக்கத்தில் சொல்வான். வாட்ஸாப் செய்தி எழுதியவருக்கு அது தெரியவில்லை. பாய் சிம்மில் முன்பிருந்த பேலன்ஸ் பூஜ்யம். ஆக, விதி கேட்ட இருபது ரூபாய்க்கு ஐந்து ரூபாய் ஐந்து பைசா குறைவு. முப்பது நாள் நீட்டிப்பு கிடைக்கவே இல்லை.

மூன்றாவதுதான் பெரிய விஷயம். பேலன்ஸில் இருபதுக்கு இருநூறு இருந்திருந்தாலும் பாய்க்கு ஓடிபி வந்திருக்காது. 2013ல் அந்த விதியை எழுதியபோது லைஃப்டைம் சிம் காலம். காசு போட்டால் பேசலாம். போடாவிட்டாலும் கால் வரும், மெசேஜ் வரும். அந்தக் காலத்தில் நம்பர் உயிரோடு இருந்தால் செய்தியும் வந்துவிடும். 2018 கடைசியில் நிறுவனங்கள் மாதம் 35 ரூபாய் பேக் கட்டாயம் என்று கொண்டுவந்தபோது அந்த இரண்டும் பிரிந்துவிட்டன. இப்போது பேக் முடிந்தால் அவுட்கோயிங் உடனே நிற்கும். சில நாள் கழித்து இன்கமிங்கும் நிற்கும். எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நம்பர் நம் பெயரில்தான் இருக்கும், ஆனால் அதில் எதுவும் வராது. 2013 விதி காப்பாற்றுவது நம்பரை மட்டும். ஓடிபி வருவது பேக்கின் கையில் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவருக்கு வேண்டியது இரண்டாவது. வாட்ஸாப் செய்தி சொன்னது முதலாவதை.

இதில் ஒரு சுழலும் உண்டு. பயன்பாடு என்று விதி கணக்கில் எடுப்பது பேச்சு அழைப்பு (வந்தாலும் போனாலும்), நாம் அனுப்பும் எஸ்எம்எஸ், டேட்டா போன்றவை. நமக்கு வரும் எஸ்எம்எஸ் அந்தக் கணக்கில் வராது. பேக் இல்லாததால் கால் வராது. கால் வராததால் பயன்பாடு இல்லை. பயன்பாடு இல்லாததால் 90 நாள் ஓட ஆரம்பித்துவிடும். ஏப்ரல் கடைசி வாக்கில் பாய் நம்பர் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் 15 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் கேட்டால் அதே நம்பரைத் திரும்ப இயக்கித் தர வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. அந்த 15 நாளும் மே மாதத்தில் சத்தமில்லாமல் போனது.

சத்தமில்லாமல் போனதற்குக் காரணம் வாட்ஸாப். பாய் தினமும் ராத்திரி அதே நம்பரில் வீட்டுக்கு வீடியோ கால் பேசிக்கொண்டிருந்தார். அப்போது வாட்ஸாப் ஒருமுறை பதிவானால் சிம் செத்தாலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நம்பரை வேறு யாராவது வாங்கிப் பதிவு செய்யும் வரை. வீட்டில் எல்லாரும் பாயின் நம்பரைத் தினமும் திரையில் பார்த்தார்கள். நம்பர் போய்விட்டது என்று யாருக்குத் தோன்றும்? கீபேட் போனில் சிக்னல் கோடு காணோம் என்பதை அக்கா கவனித்திருக்கிறார். "மழைக்கு டவர் போயிருக்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

ஜூனில் தெரிந்தது

பக்ரீத் நேரம். பையனுக்கு அடுத்த வருஷ ஃபீஸும் கட்ட வேண்டும். பாய் மோஜோவிலிருந்து நெட் பேங்கிங்கில் நுழைந்தார். பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியாயிற்று என்று திரை சொன்னது. அலமாரி போனில் ஒன்றும் வரவில்லை. திரும்பத் திரும்ப முயன்றதில் கணக்கு அன்றைக்குப் பூட்டிக்கொண்டது.

பையன் கீபேட் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். "அண்ணா, பேக் போட்டுடுங்க, அப்பாவுக்கு ஓடிபி வரல." கடைக்காரர்கள் ரீசார்ஜ் போட வைத்திருக்கும் லாப்பு சிம்மில் நம்பரை அடித்தேன். சாதாரணமாக நம்பரை அடித்ததும் அதற்கான பேக் பட்டியல் வரிசையாக வரும். தப்பான எண் என்று வந்தது. ஒரு இலக்கம் மாறியிருக்குமோ என்று அவனையே அடிக்கச் சொன்னேன், அதே பதில். என் போனிலிருந்து கூப்பிட்டால், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்ற பதிவுக் குரல். பையன் முகம் அப்போதுதான் மாறியது.

அடுத்த நாளே அவனை வேலூர் ஷோரூமுக்கு அனுப்பினேன். துண்டித்த நம்பரை 90 நாளுக்கு வேறு யாருக்கும் ஒதுக்கக் கூடாது என்று ஏற்பாடு இருக்கிறது. 2023ல் உச்ச நீதிமன்றத்தில் இது சம்பந்தமான வழக்கிலும் டிராய் இதைச் சொன்னது. ஆகவே நம்பர் அப்போது யாரிடமும் இல்லை, நிறுவனத்திடம்தான் தூங்கிக்கொண்டிருந்தது. கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு நப்பாசை. ஷோரூமில் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார்கள். ஆனால் சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஆதாரோடு நேரில் வர வேண்டும், அப்படி வந்தாலும் 15 நாள் தாண்டியதால் உறுதி சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பையன் அப்பாவின் பாஸ்போர்ட் நகல், ஆதார் நகல், வீடியோ காலில் அப்பா என்று எல்லாம் காட்டிப் பார்த்தான். ஒன்றும் எடுபடவில்லை. எடுபடாமல் இருப்பதுதான் சரியும்கூட. யாரோ ஒருவர் நகலைக் காட்டி உங்கள் சிம்மை வாங்கிவிட முடிந்தால் அதைவிடப் பெரிய வம்பு வேறில்லை.

வங்கியிலும் அதே சுவர். மொபைல் நம்பர் மாற்ற கணக்குதாரர் நேரில் வர வேண்டும். அல்லது அடிஸ் அபாபாவில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துக்குச் சான்று வாங்கி, படிவத்தை கூரியரில் அனுப்ப வேண்டும். டேனரியில் ஷிப்டை விட்டுவிட்டுத் தலைநகர் போய்வர பாய்க்கு லீவு கிடைக்கவில்லை. ஏடிஎம் கார்டு அவர் பர்ஸில், மோஜோவில். செக் புத்தகம் அவர் வாங்கியதே இல்லை. கணக்கில் பணம் இருந்தும், அக்கா இரண்டு வளையலை அடகு வைத்துத்தான் ஃபீஸ் கட்டினார்.

அந்த வாரம் உருப்படியாக நடந்தது ஒன்றுதான். வாட்ஸாப்பில் எண்ணை மாற்றும் வசதியைப் பயன்படுத்தி, அன்று ராத்திரியே பாயின் கணக்கை எத்தியோப்பிய நம்பருக்கு மாற்றச் சொன்னேன். பழைய நம்பருக்கு ஓடிபி தேவையில்லை. புது நம்பருக்கு வந்தால் போதும். இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க பின்னும் வைத்தார். பழைய நம்பரை நாளைக்கு யார் வாங்கினாலும் பாயின் குரூப்புகளுக்குள் வந்து உட்கார முடியாது.

ஆகஸ்டில் பாய் வந்தார்

லீவில் வந்த பாய் கடையில் உட்கார்ந்து, தன் பழைய நம்பரைத் தானே கூப்பிட்டார். ரிங் போனது. எடுத்தவர் திருவண்ணாமலைப் பக்கம். புது சிம் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. நல்ல மனிதர், விஷயத்தைச் சொன்னதும், "ஆமாங்க, பேங்க்ல இருந்து ஏதோ மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு, யாரோடதுன்னு தெரியல" என்றார். வட்டி வரவு வைத்த செய்தி அது. நிரந்தரமாகத் துண்டித்த எண்களின் பட்டியலை வைத்து வாடிக்கையாளர் விவரத்தைச் சுத்தம் செய்யுங்கள் என்று 2025 ஜனவரி 17ல் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சொல்லியிருந்தது. மார்ச் 31 வரை கெடுவும் வைத்திருந்தது. இந்தக் கணக்கு அந்தச் சல்லடையில் சிக்கவில்லை. முதல் வேலையாக பாய் கிளைக்குப் போய்ப் பழைய நம்பரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

புது சிம் வாங்குவது ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்தால், கைரேகை விழவில்லை. சுண்ணாம்பிலும் கெமிக்கலிலும் வருஷக்கணக்காகப் புழங்கிய கை; ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும். டேனரிக்காரர்களுக்கு இது புதிதில்லை. கட்டை விரல் இரண்டும் தோற்றன. ஈரத்துணியால் துடைத்து, விரலைச் சற்று நேரம் வாயால் ஊதிச் சூடாக்கி, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்ததில் இடது மோதிர விரல் கைகொடுத்தது. அந்த விரலை ஆதார் மையத்துக்கும் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அங்கேயும் அதேதான் எடுபட்டது.

அப்புறம் வரிசை முக்கியம். சிம் ஆக்டிவ் ஆனதும் முதலில் ஆதாரில் நம்பர் மாற்றினோம். அப்போது 50 ரூபாய் கட்டணம், ஏற ஒரு சில நாள் பிடித்தது. பான், பிஎஃப் போன்றவை ஆதார் ஓடிபியைக் கேட்கும். அதனால் ஆதார் முடியாமல் அங்கே போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். ஆதார் ஓடிபி வெளிநாட்டு நம்பருக்கு வராது. இந்திய நம்பரே வேண்டாம், எல்லாவற்றையும் அங்குள்ள நம்பருக்கு மாற்றிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

வங்கியில் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. வேலைக்கு வெளிநாடு போனவர் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வைக்கும் கணக்காக, மாற்ற வேண்டும். அந்நியச் செலாவணிச் சட்டம் அப்படி. பாய் மாற்றவில்லை. மேனேஜர் திட்டவில்லை, படிவத்தை எடுத்து நீட்டினார். அப்படி மாற்றிய கணக்கில் வெளிநாட்டு நம்பரையே வைத்து யுபிஐ பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியில் வழி திறந்தார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் இருந்தவை சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா, ஹாங்காங், ஓமன், கத்தார், அமெரிக்கா, சவூதி அரேபியா, அமீரகம், பிரிட்டன் என்று பத்து. துபாய்க்குப் போன குடியாத்தத்துக்காரருக்கு உதவும். மோஜோவுக்குப் போனவருக்கு உதவாது.

இப்போது சிம் எங்கே இருக்கிறது

பாயின் போனில், இரண்டாவது ஸ்லாட்டில், மோஜோவில். அலமாரி ஏற்பாட்டை விட்டுவிட்டோம். ஓடிபியை வாயால் படித்துச் சொல்லும் பழக்கமும் அதோடு போனது, அதுவும் நல்லதற்கே.

பேக் விஷயத்தில் காலம் உதவியது. பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி பேக் தர வேண்டும், அதன் வேலிடிட்டி 365 நாள் வரை போகலாம் என்று 2024 டிசம்பரில் டிராய் திருத்தம் கொண்டுவந்தது. அடுத்த மாதமே டேட்டா இல்லாத வருஷ பேக்குகள் வந்தன: 365 நாளுக்கு 1,849 ரூபாய் என்று ஒன்று, 336 நாளுக்கு 1,748 ரூபாய் என்று ஒன்று. விலை மாறிக்கொண்டே இருக்கும், போடுகிற அன்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கணக்கு மட்டும் இதே மாதிரி போடலாம். 28 நாளுக்கு 199 என்றால் வருஷத்துக்குப் பதின்மூன்று தடவை, 2,587 ரூபாய். வருஷ பேக்கில் எழுநூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். அதைவிட, மறப்பதற்கான சந்தர்ப்பம் பதின்மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைகிறது. 336 நாள் பேக் எடுப்பவர்கள் அது வருஷம் இல்லை என்பதைக் கவனிக்கவும். பன்னிரண்டு இருபத்தெட்டுதான் அது. போன வருஷம் போட்ட தேதியையே நினைத்துக்கொண்டிருந்தால் 29 நாள் இருட்டில் இருப்பீர்கள்.

வருஷ பேக்கோடு 100 ரூபாய் டாப் அப்பும் போட்டோம். 81.75 பேலன்ஸில் நிற்கும். 2013 விதியின் இருபது ரூபாய்க்கும் ஆச்சு, எப்போதாவது ரோமிங்கில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பயன்பாடு காட்டவும் ஆச்சு.

வெளிநாட்டு ரோமிங் சேவையை இங்கேயே, நிறுவனத்தின் ஆப்பில் இயக்கிவிட்டுப் போகச் சொன்னேன். அங்கே இறங்கிய பிறகு இயக்கலாம் என்று போனால், இயக்குவதற்கான ஓடிபியே அந்தச் சிம்முக்குத்தான் வரும், சிம்மோ நெட்வொர்க்கில் ஏறாது. ரோமிங்கில் வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. கால் எடுத்தால்தான் காசு, அதுவும் ரோமிங் பேக் இல்லாமல் எடுத்தால் நன்றாகவே கடிக்கும். இரண்டாவது சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்தோம். ##002# அடித்து கால் ஃபார்வர்டிங் எல்லாவற்றையும் நீக்கினோம். இல்லாவிட்டால் எடுக்காத காலும் வாய்ஸ் மெயிலுக்குத் திரும்பிப் போகும் வழியில் காசு பிடித்துவிடலாம். அந்த சிம்முக்கு வரும் கால்களை எடுக்கவே வேண்டாம் என்று பாய்க்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. கடன் வேண்டுமா என்று கேட்கும் பெண்களிடம் பேசாமல் இருப்பது அவருக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்.

அடிஸ் அபாபாவில் இறங்கியதும் சிம் ஏறவில்லை. பாய் பதறி வாட்ஸாப்பில் கூப்பிட்டார். நெட்வொர்க்கைத் தானாகத் தேடும் வசதியை அணைத்து, பட்டியலில் எத்தியோ டெலிகாமைக் கையால் தொட்டுத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். சுற்றிச் சுற்றி ஒருவழியாக ஏறியது. வரவேற்புச் செய்தியும் வந்தது. அங்கே நின்றபடியே நெட் பேங்கிங்கில் நுழைந்து ஒரு ஓடிபி வரவழைத்துப் பார்த்த பிறகுதான் பஸ் ஏறினார்.

கிளம்பும் அவசரத்தில் சிலர் பழைய பெரிய சிம்மைக் கொடுத்து நானோ சிம், இசிம் (போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) என்று மாற்றிக்கொண்டு போகிறார்கள். சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வரக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறையின் பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. சிம் திருட்டைத் தடுக்கத்தான். விமானத்துக்கு ஒரு வாரம் முன்பு மாற்றினால் தொந்தரவில்லை. முந்தின நாள் மாற்றினால் சென்னை விமான நிலையத்தில் ஓடிபிக்குக் காத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இசிம் வசதியானது, தொலையாது என்பது உண்மை. ஆனால் போன் உடைந்தால் இன்னொரு போனுக்கு மாற்றும் வழி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. டேனரித் தரையில் போன் தவறி விழும் ஆளுக்கு, கழற்றி அடுத்த போனில் போடக்கூடிய பிளாஸ்டிக் சிம்மே மேல் என்பது என் கட்சி.

பையன் ஒரு யோசனை சொன்னான்: சிம்மைத் தன் பெயரில் வாங்கி அப்பா வங்கிக்குக் கொடுத்துவிட்டால், தொலைந்தாலும் தானே போய் மாற்றிக்கொள்ளலாமே என்று. இந்த ஊரில் பல வீடுகளில் செய்கிறார்கள். கேஸ் புக்கிங்குக்கு அது போதும். வங்கிக்கு நான் சம்மதிக்கவில்லை. பணம் ஒருவர் பெயரில், அதன் சாவி இன்னொருவர் பெயரில் என்றால், இன்று வீட்டில் சுமுகமாக இருக்கிறது என்பதற்காக நாளைக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. பாய் என்னைக் காட்டிச் சிரித்துக்கொண்டே, "தம்பி சொல்றது சரிதான்" என்றார், பையன் சிரிக்கவில்லை.

இந்தச் சிக்கல் எல்லா நாட்டு சிம்முக்கும் ஒரே மாதிரி இல்லை. வேலூர் சிஎம்சியில் நர்சிங் படித்து, இங்கிலாந்தில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிய அக்கா ஒருவர் காட்பாடியில் இருக்கிறார். அங்குள்ள வங்கிக் கணக்குக்காக கிஃப்காஃப் என்ற அந்நாட்டு நிறுவனத்தின் சிம்மை வைத்திருக்கிறார். அதற்கு மாத வேலிடிட்டி என்ற தொல்லை இல்லை. ஆறு மாதத்துக்குள் ஒருமுறை ஒரு கால், ஒரு எஸ்எம்எஸ், கொஞ்சம் டேட்டா, அல்லது டாப் அப், ஏதோ ஒன்று நடந்தால் போதும். ரோமிங்கில் காட்பாடியிலேயே செய்தி வந்துவிடுகிறது. ஜனவரி முதல் தேதியும் ஜூலை முதல் தேதியும் அங்கிருக்கும் தோழிக்கு ஒரு எஸ்எம்எஸ் போடுகிறார். நம்மூர் சிம்மும் 2018 வரை ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. அந்த நினைப்பிலேயே இன்னும் பலர் இருக்கிறார்கள். பாய் வீட்டில் நடந்ததற்கு அடியில் கிடப்பதும் அந்த நினைப்புதான்.

பாயின் கணக்கு என் நோட்டில் தனிப் பக்கத்தில் இருக்கிறது. பேக் முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே கடையிலிருந்து போட்டுவிடுவேன். வெளிநாட்டு கார்டு இங்கத்திய ஆப்பில் எடுபடுமா என்று அவர் முட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பணம் பையன் யுபிஐயில் தருவான். அலாரம் அவன் போனிலும் இருக்கிறது, பாய் போனிலும் இருக்கிறது. ஆதார், பான், பிஎஃப், வங்கி எல்லாம் புது நம்பருக்கு வந்தாயிற்று. அடகு வைத்த வளையலும் செப்டம்பரிலேயே திரும்பிவிட்டது. இன்சூரன்ஸ் பாலிசி மட்டும் இன்னும் பழைய நம்பரில் நிற்கிறது. லீவு நாளில் கிளைக்குப் போக முடியாமல் போய்விட்டது. அதன் பிரீமியம் நினைவூட்டல் வந்தால் திருவண்ணாமலைக்காரர் பையனுக்கு ஃபார்வர்டு செய்கிறார். அடுத்த லீவில் பாய் நேரில் போய் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.